புயல் வரும்போது படகில் இருப்பதா, இறங்குவதா?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் மலேசியாவில் ஒரு பழைய 36 அடி பாய்மரப் படகை வாங்கி, இரண்டு மூன்று வருடம் அதிலேயே குடியிருக்கத் தீர்மானித்திருக்கிறார்கள். வேலையைக் கணினியில் எங்கிருந்தும் பார்க்கலாம். வீட்டில் சொன்னபோது அவருடைய அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "புயல் வந்தா எங்கடா போய் நிப்பீங்க?" தம்பிக்குப் பதில் தெரியவில்லை. "படகிலேயே இருந்து சமாளிக்கணுமா, இறங்கி ஓடணுமா? நீங்கள் இருந்து பார்த்தவர், சொல்லுங்கள்" என்கிறார்.

கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் ஆறு வருடம் 34 அடிப் படகு ஒன்றில் குடியிருந்தோம். இப்போது ஏற்காட்டில் இருக்கிறோம். அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. படகு வாங்கப் போகிறவர்கள் பாயைப் பற்றியும் சோலார் பலகையைப் பற்றியும் என்னிடம் கேட்பார்கள். இதைக் கேட்பவர்கள் குறைவு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையோரம் நங்கூரமிட்டு இருக்கும்போது புயல் வருகிறது என்று தெரிந்தால், படகை எவ்வளவு நன்றாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நன்றாகக் கட்டிவிட்டு, ஆட்கள் இறங்கி ஊருக்குள் போய்விட வேண்டும். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால், படகு மிதக்கிற வரைக்கும் அதைவிட்டு இறங்கவே கூடாது. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். ஆனால் நம் மனசு இரண்டு இடத்திலும் இதற்கு நேர்மாறாகத்தான் இழுக்கும். கரையோரம் இருக்கும்போது "நம் வீடாச்சே, எப்படி விட்டுப் போவது" என்று தோன்றும். நடுக்கடலில் ராத்திரி படகு உருளும்போது "எப்படியாவது இதிலிருந்து வெளியே போனால் போதும்" என்று தோன்றும். இரண்டு எண்ணத்தாலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

நடுக்கடலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறை வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவில் புயல் பிடித்துக்கொண்டது. பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள். அந்த 24-இல் மூழ்கிப் போனவை 5 மட்டும். மற்ற 19 படகுகளும் பிறகு மிதந்தபடியே மீட்கப்பட்டன. காற்றடைத்த ரப்பர் தெப்பத்துக்கு மாறியவர்களில் சிலர், அது கவிழ்ந்தும் கிழிந்தும் போனதால் இறந்தார்கள். அவர்கள் விட்டுவந்த படகு மிதந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பாய்மரக்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கு நிலைத்துவிட்டது: தெப்பத்துக்குள் மேல்நோக்கி ஏறத்தான் வேண்டும், கீழே இறங்கக் கூடாது. அதாவது படகு அமிழ்ந்து அமிழ்ந்து, தெப்பம் உங்கள் கால்மட்டத்துக்கு மேலே வந்த பிறகு மாறு.

நம் நாட்டு உதாரணம் கமாண்டர் அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பர் 21 அன்று, தென் இந்தியப் பெருங்கடலில், உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனி ஆளாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய படகு 'துரியா' புயலில் உருண்டு பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் அடி, நடக்க முடியாது. மூன்று நாள் படகுக்குள்ளேயே கிடந்தார். 24-ஆம் தேதி பிரெஞ்சு மீன்வளக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து மீட்டது. அந்தக் கடலில் தெப்பத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். அதே பந்தயத்தின் அடுத்த சுற்றில் போய், 2023-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார் அந்த மனிதர். பாய்மரம் முறிந்தாலும் உடம்பு முழுதாக இருக்கும் படகு ஒரு மூடிய குடம் மாதிரி. உருளும், நிமிரும், மிதக்கும்.

கரையோரம் கதை வேறு. அங்கே படகை உடைப்பது தண்ணீரைவிடக் கரைதான். பாறை, ஜெட்டி, பக்கத்துப் படகு, அறுத்துக்கொண்டு வரும் யாரோ ஒருவருடைய படகு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மீன்பிடிப் படகுகள் உடைந்து கரையேறிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் விசைப்படகுகள் நாம் குடியிருக்கும் படகுகளைவிடக் கனமானவை, எல்லாமே கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கட்டி நிறுத்தியவை. அவற்றுக்குள் ஆள் இருந்திருந்தால் செய்வதற்கு எதுவும் இருந்திருக்காது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், போய் நிற்கவே முடியாத காற்றில் ஒரு கயிற்றை மாற்றிக் கட்டுவது எப்படி?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். உங்கள் 36 அடிப் படகு மணிக்கு 55 கிலோமீட்டர் காற்றில், அதாவது கடல்காரர்கள் 'நாட்' என்று சொல்லும் வேகக் கணக்கில் சுமார் 30 நாட்டில், நங்கூரச் சங்கிலியை இழுக்கும் விசை, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டியே போட்டால், ஏறக்குறைய 400 கிலோ. 60 நாட்டில் 1,600 கிலோ. 90 நாட்டில் 3,600 கிலோ. அதுவும் ஒரே சீராக இழுக்காது, அலை தூக்கித் தூக்கி வெட்டி இழுக்கும். நம் வானிலைத் துறைக் கணக்கில் 34 நாட்டைத் தொட்டால் புயல், 48-இல் தீவிரப் புயல், 64-இல் மிகத் தீவிரப் புயல். தீவிரப் புயலுக்கும் மிகத் தீவிரப் புயலுக்கும் காதில் விழுகிற வித்தியாசம் ஒரு சொல். சங்கிலிக்குத் தெரியும் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1 முதல் 11 வரை எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். பொத்தாம்பொதுவாக அது சரி. ஆனால் 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே பலமுள்ள புயலுக்கு, பாதையை வைத்துச் சொல்வது. புயல் போகும் திசையில் முகம் வைத்தால் துறைமுகம் அதன் இடக்கைப் பக்கம் இருக்குமானால் 5, வலக்கைப் பக்கம் இருக்குமானால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் வந்தால் 7. இன்னும் தீவிரமான புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. இடமா வலமா என்பது ஏன் முக்கியம்? நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வலப்பக்கத்தில் சுழற்சியின் வேகமும் புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும், இடப்பக்கத்தில் ஒன்றை ஒன்று கொஞ்சம் குறைக்கும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. நம் கிழக்குக் கரையில் புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று அடிக்கும், கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். ஆகவே "புயல் இங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளித்தான் போகிறது" என்பது பாதித் தகவல். வடக்கே போகிறதா, தெற்கே போகிறதா என்று கேளுங்கள்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். எங்கே போய் நிற்பது? முதல் நல்ல இடம், புயலே வராத இடம். பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக மிக அபூர்வம், ஏனென்றால் காற்றைச் சுழலவைக்கும் பூமியின் சுழற்சி விளைவு அங்கே மிகவும் சிறியது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் உருவான வாமேய் ஒரு விதிவிலக்கு. நீங்கள் படகு வாங்கப்போகும் மலேசியாவின் மேற்குக் கரையும் அங்குள்ள லங்காவித் தீவும் சுமத்ரா தீவின் மறைவில் இருப்பதால் புயல் பயம் குறைவு. படகில் வாழ்பவர்கள் அங்கே கூட்டமாகத் தங்குவதற்கு அதுவும் காரணம். நம் வங்காள விரிகுடாவிலோ ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல் பருவம். அங்கிருந்து மேற்கே இலங்கைப் பக்கம் வருகிறவர்கள் ஜனவரி கடைசி, பிப்ரவரி என்று பார்த்துக் கிளம்புவார்கள். வாடைக்காற்று முதுகில் தள்ளும், புயல் அடங்கியிருக்கும். எந்த மாதம் எந்தக் கடலில் இருப்போம் என்று ஒரு காலண்டர் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். படகில் வாழ்பவர்களின் வருடம் இந்தக் காலண்டர்படிதான் ஓடும். காப்பீட்டுக்காரர்களும் அநேகமாக இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

புயல் வராத இடத்திலும் காற்று வரும். லங்காவிப் பக்கம் 'சுமத்ரா' என்று ஒரு சண்டமாருதம். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி விடியலுக்குள், சுமத்ரா பக்கமிருந்து கறுப்புச் சுவர் போல வரும். 40, 50 நாட் வரைக்கும் அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இதற்கெல்லாம் கரையில் இறங்க நேரமும் இருக்காது, தேவையும் இல்லை. படகில் இருந்துதான் சமாளிக்க வேண்டும். உங்கள் வாழ்க்கையில் நூறு தடவை வரப்போவது இதுதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் முதல் வருடத்தில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். ஆறு மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையில், 40 மீட்டர் சங்கிலி விட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று குளிர்ந்த காற்று, பத்து நிமிடத்துக்குள் பாய்மரக் கம்பிகள் ஊளையிட ஆரம்பித்தன. சங்கிலியின் வெட்டு படகில் நேராக விழாமலிருக்க அதன்மேல் ஒரு நைலான் கயிற்றைக் கொக்கி போட்டு அணியத்தில் கட்டியிருப்போம். ஸ்னப்பர் என்பார்கள். நைலான் ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அந்தக் கயிறு அணியத்தின் உலோக முனையில் உரசும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தேன். போதும் என்று நம்பினேன். அரைமணி நேரம் கழித்து என் மனைவி டார்ச்சோடு முன்னால் தவழ்ந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, கயிறு சுடுதுங்க" என்று கத்தினார். கொட்டுகிற மழையில் கயிறு எப்படிச் சுடும் என்று நான் நகர்வதற்குள் அது அறுந்துவிட்டது. சங்கிலி நேராக இழுபட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்ஜினைக் கிளப்பி, மெதுவாக முன்னோக்கி ஓட்டி சங்கிலியின் பாரத்தைக் குறைத்துக்கொண்டே விடியும் வரை சுக்கானைப் பிடித்து நின்றேன். மழைத்துளி ஊசி மாதிரி குத்தும், கண் திறக்க முடியாது. நீச்சல் கண்ணாடி போட்டால் தெரியும். அதையும் அன்றைக்குத்தான் கற்றேன்.

நைலான் நீளும்போதும் சுருங்கும்போதும் உள்ளுக்குள் இழையும் இழையும் உரசிச் சூடாகும். வெளியே இருக்கும் பகுதியை மழை குளிரவைக்கும். குழாய்க்குள் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் போகாது, சூடு வெளியேறாது. நான் பாதுகாப்பு என்று மாட்டிய குழாய்க்குள்தான் கயிறு வெந்து அறுந்தது. அதன் பிறகு முனையில் உரசும் இரண்டு மீட்டருக்கு நீளாத பாலியஸ்டர் கயிறு, அதற்கு அப்பால் நீளும் நைலான் என்று இரண்டையும் இணைத்துப் போட்டேன். உரசும் இடத்தில் தண்ணீர் புகும் பழைய தீயணைப்புக் குழாய்த் துணி அல்லது தோல். எப்போதும் இரண்டு ஸ்னப்பர், ஒன்று அறுந்தால் அடுத்தது பிடிக்கும்படி இரண்டாவதைக் கொஞ்சம் தளர்வாக. சங்ககிரி லாரிக்காரர்கள் தார்ப்பாய் மேல் கயிறு போடும்போது பலகை முனையில் சாக்கையோ பழைய டியூப் துண்டையோ மடித்து வைப்பார்கள், வழியில் வண்டியை நிறுத்தினால் முதல் வேலையாகக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். காற்றில் அரைமணிக்கு ஒருமுறை உங்களுக்கும் அதுதான் வேலை. நான் பார்த்தவரைக்கும் நங்கூரம் தோற்றுப்போன படகுகளைவிடக் கயிறு அறுந்து போன படகுகள் அதிகம்.

நங்கூரத்துக்கு எவ்வளவு சங்கிலி விடுவது என்பதில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறோம். ஆழத்தைப் போல் ஏழு மடங்கு என்பார்கள். ஐந்து மீட்டர் ஆழம் என்றால் 35 மீட்டர் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். சங்கிலி தொடங்குவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, அணியத்திலிருந்து. அது ஒன்றரை மீட்டர் உயரம். ஏற்ற நீரும் காற்று தள்ளிவரும் நீரும் சேர்ந்து இன்னும் இரண்டரை மீட்டர் ஏறும் என்று வையுங்கள். மொத்தம் ஒன்பது மீட்டர். இப்போது உங்கள் 35 மீட்டர் நாலு மடங்குகூட இல்லை. ஏழு மடங்குக்கு 63 மீட்டர் வேண்டும், பெருங்காற்றுக்குப் பத்து மடங்கு, 90 மீட்டர். சங்கிலி தரையோடு படுத்து இழுத்தால் நங்கூரம் இன்னும் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அவ்வளவு நீளம் விட்டால் படகு சுற்றிவர இடம் வேண்டும், ஆகவே நெருக்கமான துறையில் நிற்காதீர்கள். நங்கூரத்தைப் படகுக்கு விற்பனையாளர் சொல்வதைவிட ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். வேறு எதிலாவது மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது, காற்று தண்ணீர்மேல் தடையில்லாமல் ஓடிவரும் தூரம். இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். ஏற்காடு ஏரியில் என்ன காற்றடித்தாலும் சின்னச் சின்னச் சுருக்கம்தான் விழும், படகுத்துறைக் கட்டுப் படகுகள் லேசாக ஆடும். அதே காற்று, நீர் நிரம்பிய மேட்டூர் அணையின் பரப்பில் மைல் கணக்கில் ஓடிவந்தால் அலை எழும்பும், பரிசல்காரர் கரையை விட்டு நகரமாட்டார். காற்று ஒன்றுதான், ஓடிவரும் தூரம்தான் வேறு. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து, அந்தப் பக்கம் நிலம் மிக அருகில் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். புயலாக இருந்தால் கண் கடந்த பிறகு காற்று நேர் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நடுவில் வரும் அமைதியை நம்பி வெளியே வந்தவர்கள் உண்டு.

அதனால்தான் உண்மையான புயலுக்குப் படகைக் குறுகிய கழிமுகத்துக்குள் கொண்டுபோய், இரண்டு கரையிலும் உள்ள மரங்களுக்குச் சிலந்தி வலைபோலக் கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். அலையாத்தி மரங்கள் இதற்கு உகந்தவை. வேர் பிடிப்பு விடாது, படகு மேலே போய் மோதினாலும் கிளைதான் உடையும், படகு உடையாது. அலையை ஆற்றும் மரம் என்று நம் ஆட்கள் பெயர் வைத்ததே பார்த்துத்தான். படகுத்துறைகள் நல்ல நாளில் பாதுகாப்பு. புயல்நீர் ஏறும்போது மிதக்கும் மேடைகள் அவற்றைப் பிடித்திருக்கும் தூண்களின் உச்சியைத் தாண்டி மேலே வந்துவிட்டால், மேடையும் அதில் கட்டிய படகுகளும் மொத்தமாகக் கிளம்பிவிடும். துறையில் நிற்பதாக இருந்தால் தூண் எவ்வளவு உயரம் என்று முதல்நாளே பாருங்கள். நேரம் இருந்தால், படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரைமேட்டில் வைத்து, பாய்மரத்தைக் கழற்றி, தரையோடு பட்டைபோட்டு இழுத்துக் கட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது.

எங்கே கட்டினாலும் காற்று பிடிக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இங்கே காபித் தோட்டத்தில் மழைக்காலத்துக்கு முன் நிழல்மரங்களைக் கவாத்து பண்ணுவார்கள். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத்தான் செய்வது, ஆனால் கிளை குறைத்த சில்வர் ஓக் காற்றில் நின்றுவிடும், அடர்ந்து நிற்பது முறிந்து செடிமேல் விழும். படகிலும் அப்படியே. முன்பாயைச் சுருட்டிக் கயிற்றால் சுற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒரு முனை அவிழ்ந்தால் மொத்தப் பாயும் விரிந்து படகை இழுத்துப் போய்விடும். முழுதாக இறக்கி உள்ளே வையுங்கள். பெரிய பாய், வெயில் பந்தல், சோலார் பலகை, மேல்தளத்தில் கட்டிய டப்பா, சைக்கிள் எல்லாம் உள்ளே. காக்பிட்டின், அதாவது சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளத்தின், வடிகால் துளைகளில் இலை குப்பை இல்லாமல் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் பம்பின் பாட்டரியை முழுதாக ஏற்றி வையுங்கள். படகின் உடம்பில் உள்ள கடல்நீர் வால்வுகளில் தேவையில்லாதவற்றை மூடி, வால்வு உடைந்தால் அடைக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டை ஆப்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். பாஸ்போர்ட், படகுப் பத்திரம், பணம், மருந்து ஆகியவற்றை நீர்புகாப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இறங்குவது எப்போது? கடைசி நேரம் வரை பார்த்துவிட்டு என்பது நடக்காது. டிங்கி என்ற சின்னத் துணைப்படகில் கரைக்கு வர முடிகிற காற்று இருக்கும்போதே வர வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்ததும் போய்விடும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. அப்புறம் உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் இங்கே ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த இரண்டு ராத்திரியும் கூரைமேல் மழையைக் கேட்டுக்கொண்டு நாங்கள் பேசியது ஒன்றுதான்: இது இப்படி நின்றுவிட்டால் அங்கே படகுகளில் ஸ்னப்பர் என்ன ஆகும்? பலம் குறைந்த புயலானாலும் நகராமல் நின்றால் கயிறு உரசும் மணி நேரம் கூடுகிறது. ஆறு மணி நேரத்துக்குத் தயார் செய்தவர் முப்பது மணி நேரம் தாங்க வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத் தூக்கம், சோறு, தண்ணீர் எல்லாம் கணக்கில் வர வேண்டும். இறங்கி நிற்கும் இடமும் கடலோரத் தாழ்வில் இருக்கக் கூடாது.

நடுக்கடல் விஷயத்தில் நான் நேரில் அனுபவித்தது குறைவு, ஒரே ஒரு தடவை இரண்டு நாள் பெருங்காற்று. அப்போது எங்களைக் காப்பாற்றியது படகை நிறுத்திப் போடும் பழைய உத்தி. முன்பாயின் சிறு துண்டை வேண்டுமென்றே காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். பெரிய பாயை மூன்று மடிப்பு மடித்து வைக்க வேண்டும். படகைக் காற்றுப் பக்கம் திருப்பும்படி சுக்கானைக் கட்டிவிட வேண்டும். முன்பாய் ஒருபக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு ஏறக்குறைய நின்று, மெல்லப் பக்கவாட்டில் நழுவும். அந்த நழுவலில் காற்றுப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு வழவழப்பான தடம் விழும், வரும் அலை அதில் உடையாமல் தாழ்ந்து போகும். உள்ளே இரைச்சல் சட்டென்று குறையும். என் மனைவி அப்போதுதான் முதல்முறையாகக் கஞ்சி வைத்தார். இதைச் செய்யக் கரை தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி முழுக்க நழுவிக்கொண்டே இருப்பீர்கள். கரை பக்கத்தில் இருக்கும்போது புயல் தெரிந்தால், துறைக்குள் நுழைவதற்கு நேரம் இல்லையென்றால், கடலுக்குள் விலகிப் போவதுதான் வழி. அலை இன்னும் பெரிதானால் பின்பக்கத்திலிருந்து ட்ரோக் என்ற இழுவையைக் கயிற்றில் விடுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துணிக் கூம்புகள் கோத்த வகை ஒன்று உண்டு. அது படகைப் பின்னாலிருந்து பிடித்து, அலையில் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் வைக்கும். படகைக் கவிழ்ப்பது உயரமான அலையைவிடப் பக்கவாட்டில் வந்து உடையும் அலைதான்.

புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய, நம் அரைக்கோளத்தில், காற்றுக்கு முகம் கொடுத்து நின்று வலக்கையை நீட்டுங்கள். மையம் அந்தக் கைப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது காற்று கடிகார முள் திசையில் மாறிக்கொண்டே வந்தால் நீங்கள் மோசமான வலப்பக்கத்தில் இருக்கிறீர்கள், எதிர்த்திசையில் மாறினால் இடப்பக்கம். திசை மாறாமல் பலம் மட்டும் கூடி, காற்றழுத்தத்தைக் காட்டும் பாரமானி இறங்கிக்கொண்டே போனால் நேர்ப்பாதையில் இருக்கிறீர்கள். பாரமானியைத் தினமும் ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள். நம் வெப்பக் கடல்களில் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறி, நாலு மணிகளில் இறங்குவது அதன் இயல்பு. அந்த ஏற்ற இறக்கம் மாறுவதைத்தான் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிட மூன்று மில்லிபார் இறங்கினால் சந்தேகப்படுங்கள், ஐந்து இறங்கினால் எங்கோ பக்கத்தில் புயல் இருக்கிறது. எங்கள் படகின் பித்தளைப் பாரமானி இப்போது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இந்த 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 850 சொச்சம்தான், முள் எண்களுக்கு வெளியே போய் ஓய்வாகக் கிடக்கிறது.

ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பாதீர்கள், அதைப் படகின் பெயரில் பதிவு செய்யுங்கள். உதவிக்கு அழைக்க வி.எச்.எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனல். இந்தியக் கடலில் இருந்தால் கடலோரக் காவல்படை எண் 1554.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், ஏற்காடு ஏரியில் பயிற்சி எடுக்க முடியுமா என்று. முடியாது, அங்கே பாய்மரப் படகு கிடையாது. சென்னையில் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் மாதிரி ஒரு இடத்தில் சின்னப் பாய்மர டிங்கியில் தொடங்குங்கள், மனைவியும் கூடவே கற்க வேண்டும். அன்று ராத்திரி கயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. இரண்டு பேருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருந்தால்தான் ஒருவர் தூங்க முடியும்.

அடுத்த முறை மலையேறி வரும்போது செவ்வாய்ப்பேட்டையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலான் பத்து மீட்டரும், அதே பருமனில் பாலியஸ்டர் இரண்டு மீட்டரும் வாங்கி வாருங்கள், அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஸ்னப்பரை எப்படி இணைப்பது என்று இங்கே தாழ்வாரத்துத் தூணில் கட்டிக் காட்டுகிறேன்.